காய்ச்சல் விட்டது, ஆபத்து விடவில்லை: டெங்கும் சைட்டோகைன்களும்

2017 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி, கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் என் தங்கையின் மகன் காய்ச்சலோடு வலப்பனைக்கு வந்து சேர்ந்தான். பஸ் பயணக் களைப்பு என்று நினைத்தோம். அடுத்த நாள் கடைசி நோன்பு. நோன்பை விடு என்று உம்மா சொல்லியும் அவன் கேட்கவில்லை. பெருநாள் தொழுகைக்குப் போய் வந்தவன் பாயில் விழுந்தான். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, முதுகு உடைகிறது என்றான். அன்றிரவு அவன் அனுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், உம்மாவின் மூட்டு வலி மாத்திரையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தது நான்தான். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கின்ற நான்.

அடுத்த நாள் காலையில் தங்கை சந்தோஷமாகச் சொன்னாள்: "நானா, மகன்ட காய்ச்சல் விட்டிட்டு, அல்ஹம்துலில்லாஹ்." நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. எல்லோரும் பெருநாள் விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டோம். பின்னேரம் போல அவன் வயிறு வலிக்கிறது என்றான். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். கை கால் சில்லென்று இருந்தது. காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் தெரிய வந்தது. முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம்.

அங்கே வைத்தியர் முதலில் கேட்டது, என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று. இரண்டாவதாகக் கேட்டது, காய்ச்சல் எப்போது விட்டது என்று. காலையில் விட்டது, அதனால்தான் பயப்படவில்லை என்றேன். காய்ச்சல் விட்டதால்தான் நீங்கள் பயந்திருக்க வேண்டும் என்றார் அவர்.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. காய்ச்சல் விட்டால் சுகம் வருகிறது என்றுதான் நானும் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் 'சைட்டோகைன்' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. பிறகு தேடிப் படித்தேன். அதில் எங்கள் சமூகத்தின் ஒவ்வொரு வீடும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

சைட்டோகைன் என்றால் என்ன?

எங்கள் ஊர்களில் மழைக்காலத்தில் ஓரிடத்தில் மண் சரிந்தால் முதலில் என்ன நடக்கும்? பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கோயில் மணி அடிக்கும், பன்சலையிலும் சொல்வார்கள். மண்வெட்டி உள்ளவன் மண்வெட்டியோடும், வாகனம் உள்ளவன் வாகனத்தோடும் ஓடி வருவான். 2007 ஜனவரியில் வலப்பனையில் ஏற்பட்ட மண்சரிவுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்த அறிவிப்பின் பெறுமதி தெரியும்.

எமது உடலில் அந்த அறிவிப்பு வேலையைச் செய்பவைதான் சைட்டோகைன்கள். இவை மிகச் சிறிய புரதங்கள். கிருமி நுழைந்தாலோ இழையம் காயப்பட்டாலோ, அந்த இடத்திலுள்ள கலங்கள் இவற்றைச் சுரக்கின்றன. பெரும்பாலும் வெண்குழியங்களே சுரக்கின்றன என்றாலும், தோலின் கலங்களும் குருதிக் கலன்களின் சுவர்க் கலங்களும்கூடச் சுரக்கும். பக்கத்துக் கலங்களின் மேற்பரப்பில் இவற்றுக்கென்றே உள்ள வாங்கிகளில் போய் இவை ஒட்டிக்கொள்ளும். உடனே அந்தக் கலம் தன் வேலையை மாற்றிக்கொள்ளும். ஒன்று பெருகத் தொடங்கும், ஒன்று கிருமியை விழுங்க ஓடும், ஒன்று பிறபொருளெதிரியை உருவாக்கும்.

இவற்றில் முதலில் அடையாளம் காணப்பட்டவற்றுள் ஒன்று இன்டர்பெரோன். 1957 இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மான் என்ற இரு விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். வைரஸ் தொற்றிய கலம் ஒன்று, பக்கத்துக் கலங்களில் அந்த வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் பொருளொன்றை வெளியிடுகிறது என்பதே அவர்கள் கண்டது. 'சைட்டோகைன்' என்ற பொதுப் பெயர் 1974 இல்தான் வந்தது. இன்று இன்டர்லியூக்கின் 1, 6, 10 என்று இலக்கமிட்ட ஒரு நீண்ட வரிசையும், டி.என்.எப் என்று சுருக்கி அழைக்கப்படும் கட்டி நசிவுக் காரணியும், வேறு பலவும் அறியப்பட்டுள்ளன.

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது?

கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இந்த நான்கு அடையாளங்களையும் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் எழுதி வைத்திருக்கிறார். இதற்குத்தான் அழற்சி என்று பெயர். சைட்டோகைன்களும் அவற்றோடு வெளியாகும் வேறு இரசாயனங்களும் அந்த இடத்துக் குருதிக் கலன்களை விரியச் செய்கின்றன. கலன் சுவரிலுள்ள கலங்களின் இடைவெளியைச் சற்றுத் தளர்த்துகின்றன. அந்த இடைவெளியால் வெண்குழியங்கள் வெளியேறிக் கிருமியிடம் போகின்றன. கூடவே சிறிது நீரும் கசிகிறது. வீக்கம் அதுதான். இந்தக் கசிவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டெங்குக் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

தொற்று பெரிதாக இருந்தால் சைட்டோகைன்கள் இரத்தத்தில் கலந்து மூளை வரை போகின்றன. இன்டர்லியூக்கின் 1, இன்டர்லியூக்கின் 6, டி.என்.எப் ஆகியவை மூளையின் பரிவகக்கீழ் என்ற பகுதியில் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளை உருவாக்கத் தூண்டுகின்றன. உடல் வெப்பநிலையை 37 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்கும் அந்த இடம், அளவை 39க்கோ 40க்கோ உயர்த்திவிடுகிறது. உடல் அந்த அளவை எட்டுவதற்காக நடுங்கிச் சூட்டை உண்டாக்குகிறது. காய்ச்சல் ஏறும்போது குளிர்வது இதனால்தான். உடம்பு வலி, சாப்பாட்டில் வெறுப்பு, தூக்கம் எல்லாமே இதே அறிவிப்பின் விளைவுகள்.

பரசிட்டமோல் புரொஸ்டகிளாண்டின் உருவாவதைக் குறைத்துக் காய்ச்சலை இறக்குகிறது. கிருமியை அது ஒன்றும் செய்வதில்லை. நான் கொடுத்த மூட்டு வலி மாத்திரையும் அதே புரொஸ்டகிளாண்டினைத்தான் தடுக்கிறது. ஆனால் அது இரைப்பையின் பாதுகாப்புப் படையையும் பலவீனப்படுத்தும். குருதி உறைவதற்கு உதவும் சிறுதட்டுக்களின் வேலையையும் கெடுக்கும். டெங்குக் காய்ச்சலில் சிறுதட்டுக்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டு போகும். அந்த நேரத்தில் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்லோபெனாக் போன்றவற்றைக் கொடுப்பது உள்ளே இரத்தப்போக்குக்கு வழி திறந்து விடுவதாகும். வைத்தியரின் முதல் கேள்விக்குக் காரணம் அது.

டெங்கில் நடப்பது என்ன?

2017 இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இந்த நாடு அதுவரை கண்டிராத எண்ணிக்கை அது. நோய் உச்சத்தில் இருந்த ஜூன், ஜூலை மாதங்களில்தான் பெருநாளும் வந்தது.

மலையகத்தில் எங்களுக்கு ஓர் அசட்டுத் துணிச்சல் உண்டு. இங்கே குளிர், நுளம்பு இல்லை, டெங்கு கொழும்பு நோய் என்போம். உயரமான குளிர்ப் பிரதேசங்களில் டெங்கு நுளம்பு குறைவு என்பது சரி. ஆனால் நுளம்பு கடித்து 4 முதல் 10 நாட்களுக்குள்தான் காய்ச்சல் வரும். கொழும்பில் கடித்த நுளம்பின் காய்ச்சல் பஸ்ஸில் ஏறி வலப்பனைக்கு வந்துவிடும். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் வேலை செய்கிறார்கள்! பெருநாள், தீபாவளி, வெசாக் என்று ஊருக்கு வரும்போது அதுவும் கூட வரலாம். கீழ்ப்பகுதிகளில் சூடு கூடிய இடங்களும் இருக்கின்றன.

டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. ஒரு வகை தொற்றிக் குணமானால் அந்த வகைக்கு நீண்டகால நிர்ப்பீடனம் கிடைக்கும். இன்னொரு வகை பிறகு தொற்றும்போதுதான் பிரச்சினை. பழைய வகைக்காக உருவான பிறபொருளெதிரிகள் புதிய வகையில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதை முழுமையாகச் செயலிழக்கச் செய்யாது. மாறாக, வைரஸ் வெண்குழியங்களுக்குள் இலகுவாக நுழைய அதுவே வழிகாட்டி விடும். 1960களில் பேங்கொக்கில் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் இந்த விளக்கத்தின் முன்னோடி. இரண்டாவது தடவை வரும் டெங்கு கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது இதனால்தான். முதல் தடவை வந்தது சாதாரணக் காய்ச்சல் போலப் போயிருந்தால், இது இரண்டாவது என்பதே எமக்குத் தெரியாது.

தொற்றிய வெண்குழியங்கள் சைட்டோகைன்களைக் கொட்டுகின்றன. முள் குத்திய இடத்தில் மட்டும் நடந்த அந்தத் தளர்வு, இப்போது உடலெங்குமுள்ள நுண்ணிய குருதிக் கலன்களில் நடக்கிறது. வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 என்ற புரதமும் கலன் சுவரைத் தளர்த்துகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான திரவவிழையம் கலனை விட்டுக் கசிந்து, நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்குகிறது. கலனுக்குள் மிஞ்சும் இரத்தம் தடிக்கிறது. இருதயம் தள்ளுவதற்குப் போதிய கனவளவு இல்லாமல் போகிறது. கை கால் குளிர்கிறது, சிறுநீர் குறைகிறது, குருதி அமுக்கம் விழுகிறது.

இது எப்போது நடக்கிறது? பெரும்பாலும் 3 ஆம் நாளுக்கும் 7 ஆம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில். அந்த நேரம் இரத்தத்தில் வைரஸின் அளவு குறைந்துகொண்டு போகிறது. வைரஸ் தோற்கும்போது நோயாளி மோசமாகிறார் என்றால், கேட்டைச் செய்வது வைரஸ் மட்டுமல்ல, உடலின் பதிலும்தான். உதவிக்கு வந்த கூட்டம் கலையாமல் பாதையை அடைத்துக்கொண்டு நின்றால், காயப்பட்டவனை ஏற்றிய வாகனம் போக முடியாது அல்லவா? அதுபோன்ற நிலை இது. இந்த ஆபத்தான கட்டம் 24 முதல் 48 மணித்தியாலங்கள் நீடிக்கும். அதைக் கடந்துவிட்டால் கலன் சுவர் மீண்டும் இறுகும், கசிந்த நீர் திரும்பி வரும்.

என் மருமகனின் கட்டிலருகே தாதியர் மணிக்கு மணி சிறுநீரை அளந்தது ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஊரில் எல்லோரும் "பிளேட்லட் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார்கள். வைத்தியர்கள் அதோடு கசிவையும் பார்க்கிறார்கள். இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது, நாடித் துடிப்பும் அமுக்கமும் எப்படி, சிறுநீர் எவ்வளவு என்பவற்றை வைத்துச் சேலைனை அளந்து கொடுக்கிறார்கள். குறைந்தால் அதிர்ச்சி நிலை வரும். கூடினால், கசிந்த நீர் திரும்பும்போது நுரையீரல் நீரால் நிறையும். "பிள்ளைக்கு இன்னொரு சேலைன் ஏத்துங்க" என்று நாங்கள் சண்டை பிடிப்பது அறியாமை. 2017 இல் அத்தனை ஆயிரம் நோயாளர்களில் இறந்தவர்கள் 1 வீதத்தை விடக் குறைவு என்றால், அதற்கு இந்த அளந்து பார்க்கும் வேலை பெரிய காரணம்.

எமது நாட்டின் ஆய்வு

இந்தச் சைட்டோகைன் விடயத்தில் இலங்கை ஆய்வாளர்களுக்கும் இடமுண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலிக்கா மளவிகேயின் குழு, கடுமையான டெங்கு நோயாளர்களில் இன்டர்லியூக்கின் 10 அதிகமாக இருப்பதை ஆராய்ந்திருக்கிறது. இன்டர்லியூக்கின் 10 என்பது பொதுவாக அழற்சிக்குத் தடை போடும் சைட்டோகைன். அது அளவு மீறினால், வைரஸை அழிக்க வேண்டிய கலங்களும் அடங்கிப் போகலாம். முடுக்கி மட்டுமல்ல, பிரேக்கும் அளவோடு இருக்க வேண்டும் என்று நான் வகுப்பில் சொல்வேன். குருதிக் கலன் கசிவில் பங்குள்ள இன்னொரு பொருளைத் தடுப்பதற்காக, ஒவ்வாமைக்குப் பாவிக்கும் ருபட்டடீன் என்ற மருந்தையும் அவர்கள் இங்குள்ள நோயாளர்களில் சோதித்தார்கள். மருந்து பாதுகாப்பானது என்று தெரிந்தது, ஆனால் கசிவைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லும் முடிவு கிடைக்கவில்லை. டெங்குக் கசிவை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்வதுதான் கையிலிருக்கும் மருந்து.

கொவிட், சீனி, மூட்டு வாதம்

கொவிட் காலத்தை எமது சமூகம் மறக்காது. ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட வேதனையும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கும் வரை காத்திருந்ததும் எங்கள் நெஞ்சில் இருக்கிறது. அந்தத் துயரத்தில், நோய் ஏன் உயிரைப் பறித்தது என்பதைப் பற்றி நாம் குறைவாகவே பேசினோம். கடுமையான கொவிட்டிலும் இரண்டாவது வாரத்தில் நுரையீரலைக் கெடுத்தது பெரும்பாலும் அடங்காத அழற்சிதான். 2020 ஜூனில் வெளியான பிரித்தானியாவின் ரிகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீரொயிட் மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணங்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கால் குறைத்ததைக் காட்டியது. ஒட்சிசன் தேவைப்படாத நோயாளர்களுக்கு அதே மருந்தால் நன்மை எதுவும் இல்லை. அறிவிப்பு தேவைப்படும் நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்தினால் யாருக்கு என்ன இலாபம்? காய்ச்சல் வந்ததும் ஸ்டீரொயிட் வாங்கி விழுங்குவது தவறு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம். டெங்கில் ஸ்டீரொயிட் பலன் தருவதாக நிரூபிக்கப்படவும் இல்லை.

சில நோய்களில் அறிவிப்பு நிற்பதே இல்லை. ருமட்டொயிட் மூட்டு வாதத்தில் மூட்டுக்குள் டி.என்.எப் தொடர்ந்து சுரக்கிறது. லண்டனில் மார்க் பெல்ட்மான், ரவீந்தர் மைனி ஆகியோர் டி.என்.எப்பைத் தடுத்தால் மூட்டு அழிவது குறையும் என்று காட்டினார்கள். இன்று அந்த வகை மருந்துகள் உலகெங்கும் பாவனையில் உள்ளன. ஆனால் அவற்றைத் தொடங்குமுன் காசநோய் உள்ளதா என்று பரிசோதிப்பார்கள். நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிக் காவல் நிற்பதும் அதே டி.என்.எப்தான். காவலை எடுத்தால் கிருமி விழிக்கும்.

சீனி வியாதிக்கும் இதில் தொடர்புண்டு. உடல் பருத்தால் கொழுப்பு இழையமும் டி.என்.எப் போன்றவற்றைச் சுரக்கும், அவை இன்சுலினின் வேலையை மந்தமாக்கும் என்று 1993 இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. வலியோ காய்ச்சலோ இல்லாமல் நாட்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கும் மெல்லிய அழற்சி அது. எங்கள் வீட்டு விருந்துகளையும், அதன் பிறகு நடக்காமல் அமர்ந்திருக்கும் மாலைப் பொழுதுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, "நோய் எதிர்ப்புச் சக்தியைப் பத்து மடங்கு கூட்டும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடிகளையும் பானங்களையும் கண்டால் கொஞ்சம் யோசியுங்கள். உடலின் எதிர்ப்பு, கூடக் கூட நல்லது என்ற சரக்கு அல்ல. வேண்டிய நேரம் எழுந்து, வேலை முடிந்ததும் அடங்குவதுதான் ஆரோக்கியம்.

நாம் செய்ய வேண்டியவை

காய்ச்சல் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். வைத்தியர் கேட்கும்போது "ரெண்டு மூணு நாள் இருக்கும்" என்று சொல்லாதீர்கள். பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்க வேண்டாம். அதையும் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சீனி வியாதி உள்ளவர்கள் அதுவரையும் காத்திருக்க வேண்டாம்.

வெறும் தண்ணீரை விட ஜீவனி, கஞ்சி, இளநீர், பால் நல்லது. சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தியில் இரத்தம் வந்தால் அடையாளம் தெரியாமல் போகும்.

காய்ச்சல் இறங்கிய பின் வரும் இரண்டு நாட்களும் நோயாளியைத் தனியாக விடாதீர்கள். கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் குளிர்தல், தலைச்சுற்று, அளவு கடந்த சோர்வு அல்லது அமைதியின்மை, முரசிலோ மூக்கிலோ இரத்தம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். தோட்டங்களில் இருப்பவர்களுக்கு வாகனம் பிடிக்கவே நேரம் போகும். பகலிலேயே முடிவெடுங்கள்.

நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பது நாம் எல்லோரும் அறிந்தது. காய்ச்சலோடு இருக்கும் இளைஞனிடம் அதை எடுத்துச் சொல்லிப் பிடிவாதத்தை விடச் செய்வது வீட்டுப் பெரியவர்களின் கடமை. அன்று நான் அதைச் செய்யவில்லை. பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பாவிக்காத ஹவுளையும், மேல்தட்டில் நீர் தேங்கும் பீலிகளையும் வாரம் ஒரு தடவை பாருங்கள். டெங்கு நுளம்பு தேடுவது சாக்கடையை அல்ல, தெளிந்து நிற்கும் நீரை. ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிட அறிவிப்பில், "காய்ச்சல் விட்ட பின்னும் இரண்டு நாள் கவனியுங்கள்" என்று சொன்னால் அது ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

மருமகன் இப்போதும் கொழும்பில்தான் வேலை செய்கிறான். ஊருக்கு வந்தால் என் அலுமாரியைத் திறந்து, "மாமா, மூட்டு வலி மாத்திரை இருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் 10 ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நிர்ப்பீடனப் பாடம் எடுக்கும்போது, பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் உம்மா வாப்பாவிடமும் அம்மா அப்பாவிடமும் சொல்லுங்கள் என்று அனுப்புகிறேன்.